நோயாளியைப் பார்த்தோம், பணிவிடை செய்பவரைப் பார்த்தோமா?



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள ஹக்குகளில் ஒன்று. அல்ஹம்துலில்லாஹ், நம் மஹல்லாக்களில் இந்த சுன்னத் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் பழம் வாங்கிக் கொண்டு போகிறோம்; தலைமாட்டில் அமர்கிறோம்; துஆ செய்கிறோம்; தேநீர் அருந்தித் திரும்புகிறோம்.

நாமும் அப்படித்தான் ஒரு வீட்டிற்குப் போயிருந்தோம். பக்கவாதத்தில் விழுந்து நான்காண்டுகளாகப் படுக்கையிலிருக்கும் பெரியவர். துஆ முடித்து எழுந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து அவர் மகளின் குரல் கேட்டது. “ஹஜரத், எனக்கும் ஒரு துஆ செய்ங்க. நேத்து ராத்திரி மூணாந் தடவை துணி மாத்தும்போது கோவத்துல அத்தாவை ஏசிட்டேன். ‘சீ’ன்னு கூடச் சொல்லக் கூடாதுன்னு பயான்ல சொன்னீங்களே... என் அமலெல்லாம் போயிடுச்சா?”

அந்த வீட்டிற்குப் பலமுறை சென்றிருக்கிறோம். அந்தப் பெண்ணிடம், “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நமக்கு வெட்கமாகிவிட்டது. அன்று அவருக்குச் சொன்ன பதிலையும், ஊராருக்குச் சொல்ல வேண்டியதையும் இங்கே எழுதுகிறோம்.

பெற்றோரிடம் சலிப்புச் சொல்கூடக் கூடாதென அல்லாஹுதஆலா தடுத்திருப்பது பனீ இஸ்ராயீல் சூராவின் 23ஆம் வசனத்தில். நாம் பெரும்பாலும் அங்கேயே பயானை நிறுத்தி விடுகிறோம். 25ஆம் வசனத்தையும் சேர்த்து ஓத வேண்டும். உள்ளத்தில் உள்ளதை அவன் நன்கறிவான் என்றும், நல்லவர்களாக இருந்து அவன் பக்கம் மீள்வோரை மன்னிப்பவன் என்றும் அங்கே வருகிறது. நல்லெண்ணத்தோடு இருக்கும் பிள்ளை பெற்றோர் விஷயத்தில் சறுக்கிவிடுவதைப் பற்றியது இது என்று தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) விளக்கினார்கள். ஆகவே அந்தச் சகோதரியிடம், “தௌபாச் செய்யுங்கள், அத்தாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள், நிராசை கொள்ளாதீர்கள்” என்று சொன்னோம்.

ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் தூக்கமின்றி அவரைத் தனியே தவிக்க விட்ட குற்றம் யார் ஏட்டில் எழுதப்படும்? உடன்பிறந்தோரும் உற்றாரும் மஹல்லாவாசிகளும் இதைச் சிந்திக்க வேண்டாமா?

பத்ரில் கலந்து கொள்ளாத பத்ரு ஸஹாபி

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ருப் போர் நடந்தபோது, அண்ணலார் (ஸல்) அவர்களின் அருமை மகள் ருகய்யா (ரலி) கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனித்துக் கொள்ளக் கணவர் ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கிவிடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பத்ரின் வெற்றிச் செய்தி மதீனா வந்து சேர்ந்த நேரத்தில் அங்கே ருகய்யா (ரலி) அவர்களின் நல்லடக்கம் நடந்து கொண்டிருந்தது. போர்க்களத்தை மிதிக்காத உதுமான் (ரலி) அவர்களுக்கும் பத்ரில் நின்றவருக்குரிய நற்கூலி உண்டென்று அறிவித்து, கனீமத்திலும் பங்கு தந்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். நோயாளியின் படுக்கையருகே இருப்பதற்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும்?

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதபோது அவரை விட்டுவர முடியாதவருக்கு ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் சலுகை உண்டென்று ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இருக்கிறது. சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவரான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் உடல்நலம் குன்றிய செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவை விட்டுவிட்டு அங்கே விரைந்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே பள்ளிக்கு வர இயலாத மகனைப் பழிக்காதீர்கள். “அடுத்த வாரம் நான் உட்கார்ந்து கொள்கிறேன், நீ போய் வா” என்று சொல்லுங்கள்.

சுமை யாருடையது?

இந்தச் சகோதரியின் அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார். அலைபேசியில் பேசினோம். “மாசா மாசம் பணம் அனுப்புறேனே ஹஜரத்” என்றார். பணம் அனுப்புவது நல்ல காரியம்தான். ஆனால் பெற்றோரின் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. அதைத் தங்கைக்குச் செய்யும் உபகாரமாக எண்ணுவது தவறு. அதோடு, ஓர் இரவுத் தூக்கத்தை யாரும் பணமாக அனுப்ப முடியாது.

மருமகள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மனைவியின் கட்டாயக் கடமையாக ஃபிக்ஹு நூல்கள் வைக்கவில்லை. அவர் செய்வது இஹ்ஸான். தன் பெற்றோரின் கடமை மகன் மீதே இருக்கிறது. அவருக்காக மனைவி அதைச் செய்கிறாரென்றால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் தாய்வீடு போய் வரும் நாட்களில் மகன் தானே துணி மாற்ற வேண்டும்.

உதவி எங்கே இருக்கிறது?

பெற்றோருக்குச் செலவழிப்பதை ஜகாத்தில் கழிக்க முடியாது. ஆனால் பணிவிடைக்காக வேலையை விட்டு ஏழையாகிப் போன உடன்பிறந்தவருக்கு ஜகாத் கொடுக்கலாம். தர்மம், உறவைச் சேர்த்தல் என இரட்டை நன்மை அதில் உண்டென்று ஹதீஸ் கூறுகிறது. மருத்துவக் கடனில் மூழ்கியவரும் ஜகாத் பெறுவோரில் சேர்வார். பைத்துல்மால் நிர்வாகிகள் இவர்களைத் தேடிப் போக வேண்டும். தன்மானமுள்ளவர் கேட்டு வரமாட்டார்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டிற்கே தருவதோடு, படுக்கையில் கிடப்போருக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கை விடப்பட்ட முதியோருக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. முதியோர் பற்றிய ஆலோசனைக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்புப் பணி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கவனிக்கும் ஏற்பாடாக வளர்ந்தது. நம் மஹல்லாவில் பத்துப் பேர் சேர்ந்தால் ஏன் முடியாது? ஜமாஅத்தில் ஒரு தண்ணீர்ப் படுக்கை, ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்தால் வீடு மாற்றி வீடு உதவும். புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆண் நோயாளிக்கு ஆண்களும், பெண் நோயாளிக்குப் பெண்களும் முறைவைத்து அதற்கு உதவலாம்.

அந்த அண்ணன் விடுமுறையில் வந்து ஒரு மாதம் தந்தையின் அறையில் படுத்தார். ஊருக்குத் திரும்பும்போது, “தங்கச்சி பட்டது இப்பத்தான் தெரியுது ஹஜரத்” என்றார். இப்போது இரவுக்கு ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நலம் விசாரிக்கப் போகும்போது நோயாளிக்குத் துஆ செய்துவிட்டு, பணிவிடை செய்பவரையும் கேளுங்கள்: “நீங்கள் தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா? நான் என்ன செய்ய?”

நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் உடல் நலத்தையும், நமக்கு அவர்களின் சுமையில் பங்கெடுக்கும் தௌஃபீக்கையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.