தலைப்பாகையோடு போனது

எங்கள் வீட்டு கராஜில் ஒரு பழைய ஷாப்ஸ்மித் மார்க் ஃபைவ் இருக்கிறது. ஒரே மோட்டார், ஒரே சுழல்தண்டு. தண்டில் வட்ட ரம்பத்தை மாட்டினால் பலகை அறுக்கலாம். ரம்பத்தைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளுக்கு நடுவே கட்டையைப் பிடித்தால் அது லேத். உப்புத்தாள் ஒட்டிய தட்டை மாட்டினால் தேய்க்கலாம். மொத்தத்தையும் நிமிர்த்தி நிறுத்தினால் டிரில். படுக்க வைத்தபடியே பக்கவாட்டில் துளையும் போடலாம். இந்த வகை இயந்திரத்தை ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீட்டிலேயே பட்டறை வைக்க ஆசைப்பட்ட அமெரிக்கர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். ஐந்து இயந்திரங்களுக்கு இடம் இல்லாதவர்கள். என்னைப் போன்றவர்கள்.

இங்கே ஒஹையோவில் ஒரு முதியவரிடமிருந்து வாங்கினேன். கை நடுக்கம் வந்துவிட்டதால் விற்றார். குழாய்களில் மெழுகு தேய்ப்பது, மரத்தூளை ஊதி எடுப்பது, எங்கே எத்தனை சொட்டு எண்ணெய் விடுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சுவிட்சுக்கு மேலே காகித டேப் ஒட்டி அதில் 'ஸ்லோ' என்று பேனாவால் எழுதியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் செய்த முதல் வேலை, பார்க்க அசிங்கமாக இருந்த அந்த டேப்பைச் சுரண்டி எடுத்ததுதான்.

இதில் வேகத்தை மாற்ற ஒரு டயல் உண்டு. நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5200 வரை போகும். மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அந்த டயலைத் திருப்பலாம். நிறுத்திவிட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கெட்டுப்போகும். அதாவது, அணைக்கும்போது என்ன வேகமோ, அடுத்த முறை அதே வேகத்தில்தான் எழுந்திருக்கும். அதனால்தான் அணைக்கும் முன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது பாடம்.

ஒரு சனிக்கிழமை, சுமார் 3500இல் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். அணைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் ரம்பத்தைக் கழற்றி, மகளுக்குப் பம்பரம் கடைய ஒரு மேப்பிள் கட்டையை மாட்டினேன். இன்னும் உருட்டாத, ஒரு பக்கம் கனமான கட்டை. 700இல் ஆரம்பித்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டேன். ஊளை மாதிரி ஒரு சத்தம். கட்டை இல்லை. எதிர்ச் சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். வேகம் ஐந்து மடங்கு என்றால் ஆற்றல் இருபத்தைந்து மடங்கு. பள்ளியில் படித்த கணக்குதான்.

மகள் கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளத்துக்கும் அவளுக்கும் நடுவே நாலு அடி. "என்னப்பா ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலைடா" என்றேன்.

ராத்திரி ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விடு" என்றாள். மனைவியிடம் சொல்லவில்லை. ஒன்றும்தான் ஆகவில்லையே, எதைச் சொல்வது?

அந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான் என்னைத் தூங்கவிடவில்லை. தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976இல் இதே சிக்கலைப் பற்றி எழுதினார்கள். நேகலின் உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சரிபார்க்காமல் ஓட்டுகிறார். குழந்தை குறுக்கே ஓடிவந்தால் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. குழந்தை வராவிட்டால் சின்ன அலட்சியம், அவ்வளவுதான். ஓட்டுநர் செய்தது இரண்டு இடத்திலும் ஒன்றே. வித்தியாசம் அவர் கையில் இல்லை. அப்படியானால் நாம் எதை வைத்துத் தீர்ப்பு சொல்கிறோம்?

விளைவைத் தள்ளிவிட்டுத் தவறை மட்டும் பார்க்கலாம் என்றால், நான் அன்று குழந்தையைக் கொன்றவனுக்குச் சமம். அதை நானே நம்பவில்லை. விளைவு மட்டும்தான் கணக்கு என்றால் நான் சுத்தமானவன். அதையும் நம்ப முடியவில்லை. அந்தப் பள்ளம் இருக்கிறது. அம்மாவின் பழமொழி ஆறுதல் தருகிறது. ஆனால் தலைப்பாகை யாருடையது, தலையை நோக்கி எறிந்தது யார் என்று அது கேட்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இது. இரண்டு தீர்ப்பும் நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்லப்படுபவை. பராமரிப்பு என்பது நடப்பதற்கு முன்பு இருக்கும் அறம். தனித்தனி இயந்திரங்கள் உள்ள பட்டறையில் லேத் எப்போதும் லேத்தான். ரம்பத்தின் வேகம் அதற்குள் வந்து உட்காராது. பல வேலை பார்க்கும் இயந்திரத்தில் போன வேலையின் மிச்சம் அடுத்த வேலைக்குள் நுழைகிறது. மென்பொருளில் இது எங்களுக்குத் தினசரிப் பிரச்சினை: ஒரு நிரல் துடைக்காமல் விட்டுப்போன மதிப்பை அடுத்த நிரல் நம்பி எடுக்கும். அங்கே சர்வர் விழும், திரும்ப ஏற்றலாம்.

கஷ்டம் என்னவென்றால், வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் வேலையின் முடிவில் வருகிறது. பலகை அறுத்தாயிற்று, பசிக்கிறது, குறைப்பதால் அந்த வேலைக்கு எந்த லாபமும் இல்லை. லாபம் அடுத்து வருபவருக்கு. அந்த அடுத்தவர் நானேதான் என்பதால் கடன் இல்லை என்று நினைத்துவிட்டேன். என் கூடவே வாசலில் ஒருத்தி நிற்பாள் என்பது கணக்கில் இல்லை. முதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. தன் நினைவாற்றலை அவர் நம்பவில்லை, டேப்பை நம்பினார். நான் என் குற்ற உணர்ச்சியை நம்பப் பார்த்தேன். அது எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வாரமே சுவிட்சை அணைத்த பிறகுதான் டயல் ஞாபகம் வந்தது.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கராஜுக்கு வந்து பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை பூசிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பூசவில்லை. சுவிட்சுக்கு மேலே புது டேப் ஒட்டினேன். என்ன எழுத வேண்டும் என்று மகள் கேட்டாள். சொன்னேன். தமிழ்ப் பள்ளிக் கையெழுத்தில், றகரத்தின் சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எழுதினாள்: குறை.