ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அட்டை

இரவு பதினொன்றரை மணிக்கு என் மடிக்கணினியின் ஃபேன் மாவு மில்லைப் போல இரைந்தது. கன்டெய்னருக்குள் ஒரு முழு டெஸ்க்டாப்பை ஓடவிட்டிருந்தேன். ஜன்னல்கள் திறந்தன, மூடின. எழுத்துகள் கூர்மையாகத்தான் தெரிந்தன. கிராபிக்ஸ் கார்டுதான் வேலை செய்கிறது என்று ஒரு வாரமாக நம்பியிருந்தேன். சந்தேகம் வந்து கேட்டுப் பார்த்தால், படம் வரைவது 'எல்எல்விஎம்பைப்' என்று பதில் வந்தது. அதாவது கார்டை யாரும் தொடவே இல்லை. சிபியு தன் வேலையோடு வேலையாக ஒவ்வொரு புள்ளியாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

சரிசெய்வது சுலபம். கன்டெய்னரைத் தொடங்கும்போது கார்டின் சாதனக் கோப்பை உள்ளே விடச் சொல்லிக் கட்டளையில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும். சேர்த்தேன், ஃபேன் அடங்கியது. அந்த அமைதியில்தான் உறைத்தது. உள்ளே ஓடும் மென்பொருளை நம்பாமல்தானே கன்டெய்னர் கட்டினேன்? இப்போது நானே எதை எடுத்து அதன் கையில் கொடுத்தேன்?

கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். குடிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. கிணறு மட்டும் பொது. அந்தக் கிணறுதான் கெர்னல், இயங்குதளத்தின் உட்கரு. 1979-இல் யூனிக்ஸில் வந்த 'சிஎச்ரூட்' முதல் 2013-இல் வந்த டாக்கர் வரை தடுப்புச் சுவர்கள் உயர்ந்தன. கிணற்றை யாரும் பிரிக்கவில்லை. வேகத்துக்குக் காரணமே அதுதான்: வெளியே உள்ள அதே டிரைவர், நடுவில் ஆள் கிடையாது. ஆனால் லினக்ஸ் கெர்னலிலேயே ஆகப்பெரிய டிரைவர் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுகளுக்கானது. பல லட்சம் வரிகள். அவற்றில் பெரும்பகுதி கருவிகள் தாமாக உருவாக்கிய விவரக்கோப்புகள். நாம் நம்பாத மென்பொருள் நேருக்கு நேர் பேசப்போவது இப்படிப்பட்ட டிரைவரோடு.

திரை இன்னொரு சங்கடம். ஜன்னல்களைத் திரையில் காட்டும் ஏற்பாடாக 1987-இல் வந்த எக்ஸ்11, ஒரே திரையில் இருக்கும் நிரல்கள் நல்லவை என்ற எண்ணத்தில் எழுந்தது. அதன் சாக்கெட்டை உள்ளே கொடுத்துவிட்டால், கன்டெய்னரில் இருக்கும் நிரல் பக்கத்து ஜன்னலில் நான் தட்டும் கடவுச்சொல்லையும் ஒட்டுக்கேட்கலாம். பின்னால் வந்த வேலாண்ட் இந்த ஓட்டையை அடைத்தது. ஆனாலும் 'எக்ஸ்ஹோஸ்ட்' கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, வந்தவர் எல்லாருக்கும் திரையைத் திறந்துவிடும் பழக்கம் போகவில்லை. ஒரு கூட்டல் குறி இவ்வளவு கழித்து நான் பார்த்ததில்லை.

விர்ச்சுவல் மெஷின் தனி வீடு, கிணறும் தனி. குறை என்னவென்றால் அங்கே கார்டு இல்லை, கார்டின் வேஷம்தான் இருக்கிறது. 'விர்ஜில்' போன்ற ஏற்பாடுகள் உள்ளிருந்து வரும் ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை வெளியே கடத்தி, உண்மைக் கார்டில் வரையவைக்கின்றன. துபாஷி வைத்துப் பேசுவது போல: சேதி போய்ச் சேரும், வேகம் சேராது. அசல் கார்டே வேண்டும் என்றால், 2012-இல் லினக்ஸில் சேர்ந்த விஎஃப்ஐஓ வழியாக அதை முழுசாக உள்ளே தாரை வார்க்கலாம். வார்த்தபின் வெளி இயந்திரத்துக்கு அந்தக் கார்டு இல்லை; ஆகவே இரண்டாவது கார்டு, இரண்டாவது கேபிள். மெஷினை அணைத்த பிறகும் சில கார்டுகள் பழைய நிலைக்குத் திரும்பாமல் அடம்பிடிக்கும். கணினியையே அணைத்துப் போட வேண்டும். கிராபிக்ஸ் அட்டை என்று தமிழாக்கியவர், காட்டில் காலைக் கவ்வும் அட்டையை நினைத்திருக்க மாட்டார்.

என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகள் கதை இன்னும் விநோதம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதை மோப்பம் பிடித்தால் விண்டோஸ் டிரைவர் 'பிழை 43' காட்டிப் படுத்துவிடும். எனவே 'நான் மெய்யான இயந்திரம்தான்' என்று டிரைவரிடம் பொய் சொல்லும்படி, லினக்ஸில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கேவிஎம்மை அமைத்துக்கொண்டார்கள். சொந்தக் காசில் வாங்கிய கார்டு, சொந்த மேசை, ஆனால் தலைமறைவு வாழ்க்கை. 2021-இல் நிறுவனமே தடையை விலக்கியது. பழைய அமைப்புக் கோப்புகளில் அந்தப் பொய் இன்னும் குடியிருக்கிறது. அழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

தனி வீடு என்றால் பத்திரமா? 2015-இல் வெளிப்பட்ட 'வெனம்' என்ற ஓட்டை, விர்ச்சுவல் மெஷினுக்கு வன்பொருள் வேஷம் கட்டும் கியூஎம்யூவின் ஃப்ளாப்பி டிஸ்க் பகுதியில் 2004 முதல் கிடந்தது. ஃப்ளாப்பியையே உலகம் மறந்துவிட்ட காலத்தில், இல்லாத ஃப்ளாப்பி டிரைவ் வழியாக உள்ளே இருப்பவர் வெளியே வரலாம் என்றிருந்தது. கன்டெய்னர் பக்கமும் குறைவில்லை: கார்டை உள்ளே கொண்டுபோவதற்கென்றே இருக்கும் என்விடியா கருவித்தொகுப்பில், வெளிக் கணினியின் கோப்புகள்வரை போக வழி இருப்பது 2024 செப்டம்பரில் தெரியவந்தது.

கியூப்ஸ் என்றொரு இயங்குதளம் உண்டு. முதல் பதிப்பு 2012. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின். பாதுகாப்பு கருதியே, இயல்பு நிலையில் எதற்கும் கார்டு கிடையாது. வீடியோ திணறும். வேகத்தையும் சுவரையும் ஒருசேர வாக்களிக்கும் விளம்பரங்களைவிட அந்தத் திணறலை நான் நம்புகிறேன்.

என் மேசையில் இப்போது ஏற்பாடு இது: நான் எழுதியதும் நன்கு அறிந்ததும் கன்டெய்னரில், கார்டோடு. யாரோ தந்து நான் படித்துப் பார்க்காதது விர்ச்சுவல் மெஷினில், கார்டு இல்லாமல். அது மெதுவாகத்தான் ஓடுகிறது.