கேட்க வராத வரம்

1884 பிப்ரவரியில் ஓர் இரவு. பி.ஏ. தேர்வு முடிந்த நிம்மதியில், கல்கத்தாவை ஒட்டிய வராகநகரில் நண்பர்களோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார் நரேந்திரநாத தத்தர். அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி அங்கேதான் வந்து சேர்ந்தது. பின்னாளில் விவேகானந்தர் என்று உலகம் வணங்கியவர், அன்று இருபத்தொரு வயது மூத்த மகன். கையில் வேலை இல்லை. வீட்டில் அம்மாவும் சின்னத் தம்பிகளும்.

அப்பா விசுவநாத தத்தர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அட்டர்னி. நன்றாகச் சம்பாதித்தார், அதைவிடத் தாராளமாகச் செலவழித்தார். உறவுக்காரர்கள் பலர் அவர் தயவில் வாழ்ந்தார்கள். ஹாஃபிஸின் பாரசீகக் கவிதையும் பைபிளும் அவருக்குப் பிடித்தவை. எனக்கென்று என்ன சேர்த்து வைத்தீர்கள் என்று மகன் ஒருமுறை கேட்டபோது, போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொள் என்றாராம். அழகான பதில்தான். ஆனால் அவர் கண்மூடியதும் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உறவினர்களே வீட்டில் பங்கு கேட்டு வழக்காடினார்கள். கண்ணாடியில் தெரியும் சொத்தை வைத்து அரிசி வாங்க முடியுமா?

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, உச்சிவெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார் நரேந்திரர். காலையில் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் போதாது என்று தெரிந்தால், இன்று எனக்கு வெளியே சாப்பாடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. மெஸ் பில்லுக்குப் பயந்து ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டு, இரவு போனில் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லும் பிள்ளைகள் நம் விடுதிகளிலும் இருக்கிறார்கள். என்ன வந்தாலும் உண்மையை விடாதே என்று சொல்லி வளர்த்த தாயிடமே நரேந்திரர் சொன்ன அந்தப் பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவது? எனக்கென்னவோ, அதுவும் அந்தத் தாயின் வளர்ப்புக் கணக்கில்தான் வரும் என்று படுகிறது.

புவனேசுவரி அம்மையார் காசி வீரேசுவரரை வேண்டிப் பெற்ற பிள்ளை இவர். இராமாயணமும் பாரதமும் அம்மா சொல்லிக் கேட்டவை. அப்படிப்பட்ட அம்மாவே ஒருநாள் காலை, கண்விழித்ததும் கடவுள் பேரைச் சொன்ன மகனை அதட்டினார்: சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாயே, அவர் என்ன செய்தார் என்று. அதட்டல் பலமாகத்தான் விழுந்தது; அதன் பிறகு கடவுள் கேட்கிறாரா என்றே மகனும் வாதிடத் தொடங்கினார். இதைப் படிக்கும்போது எனக்கு அம்மையார்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. சாமியை வீட்டு மனிதராக வைத்திருப்பவர்களுக்குத்தானே சாமியிடம் கோபித்துக்கொள்ள உரிமை உண்டு?

சந்தேகம் நரேந்திரருக்குப் புதிதும் அல்ல. கல்லூரியில் மில்லும் ஸ்பென்சரும் படித்தவர். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று தேவேந்திரநாத தாகூரிடமே கேட்டவர். வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைப் பாடம் நடத்தும்போது, பரவச நிலை எப்படி இருக்கும் என்று அறியத் தட்சிணேசுவரக் காளி கோயிலில் இருக்கும் ஸ்ரீராமகிருஷ்ணரைப் போய்ப் பாருங்கள் என்று வகுப்பில் சொன்னவர் வில்லியம் ஹேஸ்டி என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அங்கே போயும் நரேந்திரர் சும்மா இருக்கவில்லை. காசைத் தொட்டால் குருவுக்கு உடம்பு கூசும் என்கிறார்களே, பார்க்கலாம் என்று ஸ்ரீராமகிருஷ்ணரின் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாயை ஒளித்து வைத்தார். உட்கார்ந்தவர் துடித்து எழுந்தார். யார் செய்தது என்று தெரிந்தும் குருவுக்குக் கோபம் வரவில்லை; சோதித்துப் பார்த்தது சரி என்றே நினைத்தார். அந்தப் பொறுமை நமக்கு உண்டா? லீவுக்கு வந்த பிள்ளை கோயிலுக்கு வரமாட்டேன் என்று கட்டிலிலேயே கிடந்தால் நம் வீடுகளில் என்ன ரகளை நடக்கிறது!

அந்தக் குருவிடம்தான் கடைசியில் போய் நின்றார்: குடும்பக் கஷ்டம் தீர நீங்கள் காளியிடம் கேளுங்கள். குரு மறுத்துவிட்டார். இன்று செவ்வாய்க்கிழமை, நீயே போய்க் கேள், கேட்டது கிடைக்கும் என்றார். இரவில் சந்நிதிக்குள் போனவர் விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியும் கேட்டுவிட்டுத் திரும்பினார். காசு? மறந்துவிட்டது. திரும்பப் போனார், மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை நினைவு இருந்தது, வாய் வரவில்லை. இவ்வளவு பெரியவளிடம் போய் இதையா கேட்பது என்று கூச்சம் வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் மூன்று முறையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். என் மனம் மூன்றாவதில்தான் தங்குகிறது. மறதி பரவசத்தில் வரலாம். கூச்சம் வளர்ப்பில் வருவது. கணக்குப் பார்க்காமல் கொடுத்த அப்பாவும், இல்லாததை வெளியே காட்டாத அம்மாவும் அந்தக் கருவறை வரைக்கும் கூடவே வந்திருக்கிறார்கள். அங்கே அவர் நாவைக் கட்டியது காளியா, கல்கத்தாவின் சிமலாப் பகுதியில் அவர் வளர்ந்த அந்த வீடா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டியதும் இல்லை.

வெளியே வந்தவர் வீட்டை மறந்துவிடவும் இல்லை. குருவை விடாமல் பிடித்துக்கொண்டார். சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் விட்டார். வந்ததும் அவ்வளவுதான். ஒரு அட்டர்னி அலுவலகத்தில் கொஞ்சம் வேலை, மொழிபெயர்ப்பு, சில காலம் பள்ளி ஆசிரியர் பணி.

காவி உடுத்திய பிறகும் இந்தக் கவலை அவரை விடவில்லை. 1898-ல், சிகாகோ புகழெல்லாம் வந்த பிறகு, கேத்ரி மன்னர் அஜித் சிங்குக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு மாதம் 100 ரூபாய் நிரந்தரமாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்டார். காளியிடம் கேட்க வராதது மனிதரிடம் கேட்க வந்தது. 1901-ல், உடல் நலிந்திருந்த நிலையில், கிழக்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் அம்மாவைத் தீர்த்த யாத்திரை அழைத்துப் போனார். அப்பா போனபின் மூண்ட வீட்டுப் பங்குத் தகராறின் மிச்சத்தை, 1902-ல் தம் கடைசி மாதங்களிலும் உறவினர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.