கொலைகாரனுக்காகத் துடிக்கும் நெஞ்சம்

விரைந்தோடும் கதையிலே அறம் வழுக்கி விழுந்தாலும் வாசகன் காணாதிருக்கலாம். ஓட்டத்தின் வேகம் அப்படி. ஆமைநடை போடும் கதையும் நம் கண்ணைக் கட்டிவிடுமானால், அதை என்னென்பது? டாப்னி தூ மோரியே என்னும் ஆங்கில எழுத்தாளர் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரெபெக்கா’ எனும் நாவலை முடித்து வைக்கும்போது எழும் கேள்வி இது. பாராட்டவும் தோன்றுகிறது, பதறவும் தோன்றுகிறது.

பாராட்டை முதலில் கூறிவிடுவோம். செல்வச் சீமாட்டி ஒருத்திக்குக் கூலித் தோழியாக இருந்த ஏழைப் பெண், மனைவியை இழந்த சீமான் மேக்சிமை மணந்து மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். கதை சொல்பவளே அவள்தான். எனினும் அவள் பெயர் கடைசி வரை கூறப்படுவதில்லை. மறைந்த முதல் மனைவி ரெபெக்காவின் பெயரோ வீடெங்கும் ஒலிக்கிறது. பேய் இல்லை, பில்லி சூனியம் இல்லை. ஆயினும் வீடே அச்சுறுத்துகிறது. இறந்தவளைத் தெய்வமாக்கி, அவள் அறையைக் கருவறையாக்கி, தானே பூசாரியாக நிற்கிறாள் மாளிகையை மேற்பார்க்கும் டான்வர்ஸ். அச்சம் எப்படிப் பிறக்கிறது, வழிபாடு எப்படி வளர்கிறது என்பதைக் காட்ட அந்த மெதுநடை தேவைதான். தோட்டமும் தேநீரும் பக்கம் பக்கமாக வந்து பொறுமையைச் சோதிப்பதையும் மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. நூலின் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது. ரெபெக்கா தானாகக் கடலில் மூழ்கவில்லை; மேக்சிம் அவளைச் சுட்டுக் கொன்றான்; பிணத்தைப் படகிலே ஏற்றிக் கடலிலே ஆழ்த்தினான். இதைக் கேட்ட இளமனைவி அஞ்சி ஓடினாளா? இல்லை! ‘அவர் அவளைக் காதலிக்கவே இல்லை’ என்று நெஞ்சம் நிறைகிறாள். அவளோடு நாமும், அவன் தப்பவேண்டுமே என்று துடிக்கிறோம். அவளது அச்சத்தை நம் அச்சமாக்கிய மெதுநடை, அவளது தீர்ப்பையும் நம் தீர்ப்பாக்கிவிட்டது.

கொலைக்குக் காரணம் யாது? வேறொருவன் பிள்ளை மாண்டர்லிக்கு வாரிசாகும் என்று ரெபெக்கா ஏளனம் செய்தாளாம். கூறுபவன் யார்? கொன்றவன். செத்தவள் வந்து மறுப்புரைப்பாளா? சரி, அவன் கூறுவது முழுதும் உண்மை என்றே கொள்வோம். மனைவி பிறழ்ந்தால் கணவன் மணவிலக்குப் பெற, 1857ஆம் ஆண்டுச் சட்டமே இங்கிலாந்தில் வழி செய்திருந்தது. அவன் நாடவில்லை, குடும்பப் பெயர் கெடுமாம்! இறுதியில் மருத்துவர் உரைக்கிறார்: அவளுக்குப் புற்றுநோய், பிள்ளை பெறவும் இயலாதவள். இல்லாத குழந்தையைக் காட்டிக் குலப்பெருமை ஒரு கொலை செய்தது.

குலப்பெருமை! ஓசூரில் இருந்து படிப்போருக்கு இது சீமைச் சொல்லா? சாதி மறுத்து மணந்து, ஓசூரிலே வாழ்ந்த இளம் இணையரின் உடல்கள், 2018 நவம்பரில் கர்நாடக எல்லைக்குள் காவிரியிலே கண்டெடுக்கப்பட்டனவே! பெண்ணின் தந்தையும் உறவினரும் கைதாயினரே! அங்கே கடல், இங்கே ஆறு. அங்கே மாளிகையின் மானம், இங்கே சாதியின் மானம். தொழிற்கூடங்கள் வந்தன, நெடுஞ்சாலை வந்தது. மானத்துக்காகக் கொல்லலாம் என்னும் எண்ணம் மட்டும் மாண்டுவிடவில்லை.

“கதைதானே, இதற்கேன் வழக்கு?” என்பர் சிலர். கதையிலே பழகிய இரக்கம் வீதிக்கு வராது என்று யார் உறுதி கூறமுடியும்? “பெற்றவன் பாவம், என்ன செய்வான்?” என்று கொலையாளிக்காக உருகும் குரலை நாம் கேட்டதில்லையா?

அதற்காக நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. 1940இல் இட்ச்காக் இதைப் படமாக்கியபோது, கொலையாளி தண்டனையின்றித் தப்பலாகாது என்னும் ஆலிவுட் தணிக்கை விதிக்கேற்ப, கொலையை விபத்தாக மாற்றிவிட்டனர். விதி காக்கப்பட்டது, கேள்வி தொலைந்தது. நாவல் அந்தக் கேள்வியையாவது நம் கையில் தருகிறது.

ஆகவே படியுங்கள், தோழர்களே, நடையைச் சுவையுங்கள். ஆனால், மேக்சிம் தப்பிய பக்கத்திலே சற்று நின்று, ரெபெக்காவுக்காக வாதாட ஒருவரேனும் இருந்தாரா என்று கேளுங்கள். கதை முழுதும் இல்லாத அந்த வழக்கறிஞர், வாசகராகிய நீங்களே ஆகவேண்டும்.