மூச்சுக்கு ஒரு பங்கு



காரைக்குடியில் நின்றுகொண்டு சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வது சிரமமான காரியம். செட்டிநாட்டுச் சமையலுக்காகவே வெளியூரிலிருந்து ஆள் வருகிற ஊர் இது. ஆனாலும் சில மாதங்களுக்கு முன் ஒரு வலீமாவில் கண்டது என்னைப் பேச வைக்கிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சஹனில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுப்பா" என்றார். "கேஸ்தான் மாமு, சோடா குடிங்க" என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அது கேஸ் இல்லை சகோதரர்களே, மாரடைப்பு.

மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும். அதற்கு மேல் வேண்டுமானால் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது அதன் கருத்து. வயிற்றைப் பற்றிய பேச்சில் மூச்சு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

வயிறும் நுரையீரலும் அடுத்தடுத்த வீடுகள். நடுவில் உதரவிதானம் என்ற தசைச் சுவர். மூச்சை இழுக்கும்போது அந்தச் சுவர் கீழே இறங்க வேண்டும். இரைப்பை முட்டிக்கொண்டு நின்றால் அது எங்கே இறங்கும்?

இன்னும் இருக்கிறது. நாம் சாப்பிட்ட சோறு வாயிலேயே கரையத் தொடங்கி, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் சர்க்கரையாக முறிகிறது. அங்கே வெல்வெட் துணியின் இழைகளைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் அதை இரத்தத்தில் சேர்க்கின்றன. ஆனால் அந்தச் சர்க்கரை இன்னும் தெம்பாகவில்லை. நுரையீரலில் 30 கோடிக்கும் அதிகமான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிய சுவர் வழியாக அங்கே ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே விடும் காற்றில் 16 சதவீதம். அந்த வித்தியாசம்தான் செல்லுக்குள் போய்ச் சர்க்கரையைச் சந்திக்கிறது. அதற்குப் பிறகுதான் கை அசைகிறது, நாவு திக்ரு செய்கிறது. (இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் போகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் இப்னு நஃபீஸ். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயராவது தெரியட்டும்.)

நம் கண்மாய்களைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துவிடும். விடியற்காலையில் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விரால் மட்டும் வெளிக்காற்றையும் நேரே குடிக்கும் உறுப்போடு படைக்கப்பட்டிருப்பதால் சமாளித்துவிடும். இரைக்குக் குறைவில்லாத கண்மாயிலேயே கெண்டை செத்து மிதக்கும்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் குடலுக்கு ஓடும் இரத்தம் இரண்டு மடங்கு வரை கூடும். அந்தச் சுமை இதயத்தின் தலையில்தான் விழுகிறது. ஏற்கெனவே குழாய் அடைத்திருக்கும் இதயம் என்ன செய்யும்? எனவே நாற்பதைத் தாண்டியவர்களே, சர்க்கரை நோய் உள்ளவர்களே, சாப்பிட்ட பின் நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் சோடாவைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். பெண்களுக்கும் அப்படித்தான், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். "கூட்டத்தில் என்ன நினைப்பார்கள்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

விருந்து கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தி வைப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். போதும் என்று கையை மறைப்பவரின் கையை விலக்கிவிட்டுக் கறியை வைக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். முன்பு முதல் ஸஃப்பில் நின்றவர், இப்போது ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். மாடிப்படி ஏற முடிவதில்லை. அவருடைய ஆஃபியத்துக்காக எல்லோரும் துஆ செய்யுங்கள்.