அழுவதற்குத் தகுதி

மனதைப் பழக்கினால் சோர்விலிருந்தும் பதற்றத்திலிருந்தும் மீளலாம் என்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. கருணாபுரத்துப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்பதே என் கேள்வி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65 பேருக்கு மேல் பலியானார்கள். பெண்களும் அதில் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும், ‘குடித்துச் செத்தவனுக்கா?’ என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவன் மனைவியின் அழுகையையும் சேர்த்தே தள்ளுபடி செய்தது. துக்கத்துக்குத் தகுதி கேட்கும் ஊரில் பெண் அழுகையை விழுங்குகிறாள். விழுங்கியது தூக்கமின்மையாக, படபடப்பாக, எழுந்திருக்க முடியாத காலையாகத் திரும்பி வருகிறது.

‘நான் தடுத்திருக்க வேண்டும்’ என்று அவள் மனம் சொல்லலாம். அப்படியொரு எண்ணம் வந்தால் நிறுத்தி, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கப் பழக்குகிறது உளவியல் சிகிச்சை. கேட்டுப் பாருங்கள். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் கரைப்பான். உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். அதைக் கலந்தது அவளல்ல, விற்றதும் அவளல்ல. குற்றத்தை உரிய இடத்தில் இறக்கி வைப்பதுதான் மனப்பயிற்சி என்றால், 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றிய வழக்கும் அதில் ஒரு பகுதி.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை அவளுடைய உரிமை. மூச்சுப் பயிற்சியை அவள் செய்யட்டும். அவள் யாருக்காக அழுகிறாள் என்று விசாரிக்காமல் பக்கத்தில் உட்கார, நாம்தான் பழக வேண்டும்.