கூடலூரில் விழுந்தவன்

மேகமலையில் மேகம் இறங்கிவிட்டால் தேயிலைச் சரிவு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இந்த மலைத்தொடரில்தான் வைகை பிறக்கிறது. வருசநாட்டு வழியே இறங்கி, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையை ஒட்டிப் போகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை.

ஒரு கல், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்துவனுக்கு நட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. அதுவேதான் இது என்று சாதிக்க எனக்குத் துணிவில்லை. கல்லில் உருவம் இல்லை, வாள் இல்லை, வயதும் இல்லை. மாடு பிடிக்கும் சண்டைக்குக் கிழவனை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் மனம் சொல்கிறது.

அந்தச் சில சொற்களில் என்னை நிறுத்தி வைப்பது வேறொன்று. அவன் மாடுகளைக் கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல் அதைப் பேசவில்லை. வென்றானா என்றும் பேசவில்லை. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை மனிதர்கள் வேறெங்காவது பேசித் தீர்த்திருக்கலாம். கல் நட்ட இடத்தில் அதைப் பேசவில்லை. இறந்தவனை நினைக்க அவன் போன சண்டைக்கு நாம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பக்தியிலும் இப்படி ஒரு நிலை உண்டு. கணக்குக் கேட்காமல் கும்பிடுவது.

கல்லைக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுக்கிறது தொல்காப்பியம். வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் எல்லாம் உடல் நோகும் வேலை. அழுதுகொண்டிருந்தவர்களை எழுப்பி, ஆற்றுக்கும் பாறைக்கும் அனுப்பிய அந்த முன்னோர்கள் துக்கத்தை நன்றாக அறிந்தவர்கள். புலிமான்கோம்பையில் அந்தக் கல்லையும் நீராட்டியிருந்தால், அது இந்த மலையிலிருந்து போன தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் கார்கில் போரில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் விழுந்தபோது அவருக்கு வயது 26. உடல் ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பனிமலையிலேயே கிடந்தது. ஜூலையில்தான் மீட்க முடிந்தது. பிறகு வீர் சக்ரா வந்தது, திருச்சியில் நினைவிடம் வந்தது. எனக்கென்னவோ, அந்த உயரத்திலிருந்து அவரைச் சுமந்து இறக்கியதுதான் முதல் பூசை என்று தோன்றுகிறது.

தேனிப் பக்கம் போகிறவர்கள் ஊர் எல்லையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய கல் எதையாவது பார்த்தால் சற்று நிற்கலாம். வேண்டுதல் எதுவும் வேண்டாம். எழுத்திருந்தால் பெயரை வாய்விட்டு வாசிக்கலாம். எழுத்து தேய்ந்திருந்தால், பக்கத்துத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம், "ஐயா, இது யாரு?" என்று கேட்கலாம்.